இன்னொரு தடவை சொல்லு

மிளகாய் அரைக்கும் மிஷினில் பச்சை பட்டன் ஒன்று, சிவப்பு பட்டன் ஒன்று. அவை சொல்வதைக் கேட்டு மோட்டாரை நடத்த உள்ளே ஒரு சிப்.

பச்சைக்கு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஒரு தடவை அமுக்கினாலே "ஓடு, ஓடு, ஓடு" என்று உதறும். மோட்டார் விக்கி விக்கிப் புறப்படும். புரோகிராம் எழுதும் ஜெனிட்டா அலுத்துப்போய் சிப்பிடம், "பட்டன் எது சொன்னாலும் உடனே நம்பாதே. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேளு. அப்பவும் அதையே சொன்னா செய்," என்று எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் மிஷின்காரர் அந்தோணிசாமியின் தோள் துண்டு பெல்ட்டில் சிக்கியது. சிவப்பை ஒரு தட்டு தட்டிவிட்டு, துண்டை இரண்டு கையாலும் இழுத்தார்.

"நில்லு!" என்றது சிவப்பு.

"நிஜமாவா?" என்றது சிப்.

அதற்குள் விரல் போய்விட்டதால் சிவப்பால் மறுபடி சொல்ல முடியவில்லை. மோட்டார் துண்டை விழுங்கியது. கை மயிரிழையில் தப்பியது.

"உதறுறது பச்சை. என்னை ஏன் சந்தேகப்படுற?"

"எனக்கு எல்லாப் பட்டனும் ஒண்ணுதான்."

அன்றிலிருந்து அந்தோணிசாமி சிவப்பை ஓங்கி ஓங்கிக் குத்தினார். குத்துப்பட்டுக் குத்துப்பட்டு அதன் ஸ்பிரிங்கும் தளர்ந்தது. "நில்லு, நில்லு, நில்லு" என்று அதுவும் உதற ஆரம்பித்தது.

"இதுக்குத்தான் உங்க யாரையும் நான் நம்புறதில்ல," என்று சலித்துக்கொண்டது சிப்.