குளியல் தண்ணீர்ப் பூசணி

“குளிச்ச தண்ணியில வளந்ததை ஆண்டவர் சன்னிதியில வைக்க முடியாது, மோரிஸ். தப்பா எடுத்துக்காத.”

சபைச் செயலாளர் ஜெரார்ட் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மோரிசுக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

1979, அறுப்பின் பண்டிகை. மலேசியாவின் சுங்கை பட்டாணியில் மழை பெய்து இரண்டு மாதமாகிவிட்டது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.

பீடத்துக்கு முன்னால் போட்ட நீண்ட மேசையில் சபையார் கொண்டுவந்த முதற்பலன்கள் இருந்தன. பாதிக் காய்கறிகளில் பாசார் சந்தையில் கடைக்காரர் போட்ட ரப்பர் வளையம்கூடக் கழற்றப்படவில்லை. சொந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று சத்தியம் செய்யத்தக்கது, மோரிஸ் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு காய்தான். அகராதி அதைப் பரங்கிக்காய் என்னும். சபை இருந்த பாக்கார் ஆராங் வட்டாரத்தில் அது பூசணி.

மோரிசுக்குப் பக்கத்து ஊரான குருணில், தொழிற்சாலை ஒன்றில் குழாய் பொருத்தும் வேலை. தன் வீட்டில் குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் சாக்கடைக்கு விடாமல், பழைய எண்ணெய் டிரம் ஒன்றின் வழியாகத் தோட்டத்துக்குத் திருப்பியிருந்தார்.

“வடிகட்டின தண்ணிண்ணே. கல்லு, மணலு, சிரட்டைக் கரி, மூணையும் தாண்டித்தான் செடிக்குப் போகுது. ஒரு நாள் வந்து பாருங்களேன்.”

“பாக்க வேண்டாம்லா. சோப்புத் தண்ணி சோப்புத் தண்ணிதான்.”

“அங்க கத்தரிக்காய் வெச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன எரு போட்டாங்கன்னு கேட்டீங்களா?”

“கோயில்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுற.”

முதற்பலனைப் பற்றி வேதத்தில் வசனங்கள் நிறைய உண்டு. பாய்ச்சிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவற்றில் ஒன்றும் விசாரிப்பதில்லை. ஆனால் வேதம் அன்று மேசைக்குப் பொறுப்பாக இல்லை, ஜெரார்ட் இருந்தார்.

மோரிசின் கவலை பூசணியோடு நிற்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் தட்டு கழுவும் தண்ணீர் தேங்கி, கொசு மண்டிக் கிடந்தது. அங்கேயும் ஒரு டிரம் வைத்துக் காய்கறித் தோட்டம் போட அனுமதி கேட்டு, மூன்று வருடமாக மனு கொடுத்துவந்தார். மூன்று வருடமும் ஜெரார்ட் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்துச் சபையும் சிரித்தது. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு சபைக் கூட்டத்தில் நான்காவது முறை. இந்தத் தடவை மேசையிலிருந்து பூசணியே பேசும் என்று நம்பியிருந்தார்.

அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டே பேட்ரிசியா வந்தார். சபைச் சமையலறைக்குப் பொறுப்பு அவர்தான். மோரிசுக்குக் கூடப்பிறந்த அக்கா.

“ஜெரார்ட் அண்ணன் சொல்றது சரிதான். குடுடா அதை.”

“அக்கா, நீ ஒண்ணு...”

“நாலு பேரு மூக்கைப் பொத்தணுமா? குடு. பின்னாடி கொண்டு போறேன்.”

பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

“பாரு,” என்றார் ஜெரார்ட். “ஒன் சொந்த அக்காவுக்கே புரியுது.”

மோரிஸ் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிரசங்கம் இரண்டு மணி நேரம். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. போன மாதம் அக்கா வீட்டுக் குழாயைக் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பந்தியில் கோழிக்கறி, பருப்பு, ரசம், கடைசியாக அல்வா. ஜெரார்ட் அல்வாவை மட்டும் மூன்று தட்டு கேட்டு வாங்கினார்.

“காரட்டு நல்ல காரட்டு, தங்கச்சி.”

“இன்னும் கொஞ்சம் வைக்கவாண்ணே?”

“போதும்லா. கூட்டத்துல பேசணும்.”

மோரிஸ் அல்வாவைத் தொடவில்லை. அக்கா கையால் அன்று எதையும் சாப்பிடுவதாக இல்லை.

கூட்டத்தில் பாஸ்டர் மனுவைப் படித்தார். ஜெரார்ட் எழுந்தார். சிரிப்பு அவருக்கு முன்னாலேயே எழுந்துவிட்டது. சபையும் சிரிக்கத் தயாரானது.

“அண்ணே,” சமையலறைக் கதவிலிருந்து பேட்ரிசியா கூப்பிட்டார். “ஒரு நிமிஷம் இங்க வந்துட்டுப் போங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

இரண்டு நிமிடம் கழித்து ஜெரார்ட் திரும்பி வந்தார். சிரிப்பு அவரோடு திரும்பி வரவில்லை. கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“மோரிஸ் தம்பியோட திட்டம்... நல்ல திட்டம். நானே முன்மொழியுறேன்.”

பழக்கதோஷத்தில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பாஸ்டர் எண்ணக்கூட இல்லை.

கூட்டம் கலைந்ததும் மோரிஸ் பின்கட்டுக்கு ஓடினார். பேட்ரிசியா குந்தி உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த மனுசன்கிட்ட என்னத்தைக் காட்டுன?”

“உன் பூசணித் தோலை.”

மோரிஸ் அண்டாவுக்கு எதிரில் குந்தினார்.

“மேசையில வெச்சிருந்தா, சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் தொடாம அப்படியே கெடந்திருக்கும். நீயும் அதைப் பாத்துக்கிட்டே நின்னிருப்ப.” அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். “அதான், ‘மூணு தட்டு சாப்பிட்டீங்கண்ணே, சபையில அதை நான் சொல்லவா, இல்ல நீங்களே கையைத் தூக்குறீங்களா’ன்னு கேட்டேன்.”