ஒடிந்த ஏரியல்

“இதுவும் இல்லை” என்று பெரியவர் ஐந்தாவது ஏரியலையும் மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். எண்பதை நெருங்கும் வயதிலும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இன்றும் முதுகு விறைப்பாகத்தான் இருந்தது.

எதிரே இருந்த தம்பி மகன் பெருமூச்சை அடக்கிக்கொண்டான். பல் செட் செய்வது அவன் தொழில், வீட்டு முன்னறைதான் பட்டறை. நான்கு மாதமாக அங்கே பல்லை ஒதுக்கிவிட்டு, பெரியப்பா போரில் ஓட்டிய டாங்கியை ஒரு சாண் நீளத்தில் செய்துகொண்டிருந்தான்.

சக்கரச் சங்கிலியில் காய்ந்த சேறு வரைக்கும் அச்சு அசலாக வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒடிந்த வயர்லெஸ் ஏரியல் மட்டும்.

பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சுடரில் இளக்கி இரண்டு பக்கமும் இழுத்தால், அடி தடித்து நுனி மெலிந்து நிஜ ஏரியல் போலவே நீளும். அதில் அவனுக்குக் கை பழகிவிட்டது. தகராறு எல்லாம் அதை ஒடிப்பதில்தான். பிளேடால் வெட்டினான், வேண்டாம் என்றார். நுனியைத் தீயில் கருக்கினான், அதற்கும் உதட்டைப் பிதுக்கினார்.

“முடி கனத்துக்கு இழுக்கத் தெரியுது, ஒரு ஒடி ஒடிக்கத் தெரியலை. நல்ல கைடா உனக்கு.”

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறாங்க, பெரியப்பா. எப்படி ஒடிஞ்சதுன்னு யார் குனிஞ்சு பார்க்கப் போறா?”

“நான் பார்ப்பேன். அந்தப் பெட்டிக்குள்ள இது ஒண்ணாவது நிஜமா இருக்கட்டும்.”

நாளைக் காலை படைப்பிரிவின் நினைவுக் கூடத்தில் திறப்பு. பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டிய பலகை ஏற்கெனவே தயாராகிச் சுவரோரம் நின்றது. ‘எதிரியின் குண்டில் ஏரியல் ஒடிந்து, செய்தித் தொடர்பு அற்ற நிலையிலும் பாலத்தைக் காத்து நின்ற டாங்கி.’

அந்தப் பாலத்துக்கு அப்பால், மேட்டின் மறுபக்கம், இன்னொரு டாங்கியில் இருந்தவர் பெரியவரின் தம்பி. சுற்றி வளைக்கப்பட்டு, உதவி கேட்டுக் கூப்பிட்டபடியே செத்தார். அவருடைய மகன் அப்போது தாய் வயிற்றில் ஐந்து மாதம்.

துக்கச் செய்தியைப் பெரியவரே நேரில் வந்து சொன்னார். “எனக்கு மட்டும் கேட்டிருந்தா, பாலமாவது உத்தரவாவது, போயிருப்பேன்மா.” தம்பி மனைவி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஐம்பது வருடம் தலைநிமிர்ந்து இருந்தாள். பிள்ளையையும் அதைச் சொல்லியே வளர்த்தாள். நாளை திரையை விலக்கப் போகிறவளும் அவள்தான்.

மகன் பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிட்டு, பொய்ப்பல்லைப் பிடித்து நிறுத்துகிற மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை எடுத்தான். நுனியை அரத்தால் ராவி மெலிதாக்கினான்.

“இது எங்க தொழில் கம்பி, பெரியப்பா. சில பேர் வாய்க்குள்ள உறுத்துதுன்னு இதை அவங்களே இப்படியும் அப்படியும் வளைச்சு ஒடிச்சுடுவாங்க. அப்புறம் இங்க வந்து, சோறு சாப்பிடும்போது தானா ஒடிஞ்சுதுன்னு சத்தியம் பண்ணுவாங்க.”

“நீ என்ன சொல்லுவ?”

“என்னத்தைச் சொல்றது? முனையைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். வயசானவங்க, பாவம், முகத்துக்கு நேரா எதுக்குன்னு விட்டுடுவேன்.”

பெரியவர் சிரிக்கவில்லை. அவன் கம்பியை வெட்டுக் கத்திரியில் வைத்து ஒரே நறுக்காக நறுக்கி நீட்டினான். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

“குண்டுச் சில்லு பட்டா இப்படித்தானே பெரியப்பா, சீவின மாதிரி போகும்?”

“வேற கம்பி கொடு. குறடையும் கொடு.”

பெரியவர் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறடால் பிடித்து, கம்பியை வலது பக்கம் மடக்கினார். பிறகு இடது பக்கம், திரும்பவும் வலது, திரும்பவும் இடது. ஐந்தாவது மடக்கில் மேல் துண்டு கையோடு வந்துவிட்டது.

கொக்கி போல் வளைந்து நின்ற அடித்துண்டை அவரே டாங்கியின் மேல் இருந்த துளையில் செருகினார். யாரும் சொல்லித்தர வேண்டியிராத வேகம் அந்தக் கையில் இருந்தது.

“இப்பதான் சரி. இப்படித்தான் இருந்துச்சு.”

உள்ளறையில் இஸ்திரிப் பெட்டி நாளைய சேலையின் மேல் ஓடும் சத்தம் நின்றது. “முடிஞ்சுதாடா? உன் பெரியப்பாவுக்குத் திருப்திதானே?” என்று அம்மா கேட்டாள்.

மகன் நெற்றியில் ஏற்றியிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, டாங்கியின் மேல் குனிந்தான். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“பெரியப்பா,” என்றான். “குண்டு பட்டு ஒடிஞ்ச கம்பி இல்லையே இது.”

பெரியவரின் பார்வை பலகைக்குப் போனது, உள்ளறைக் கதவுக்குப் போனது, எங்கும் நிற்க முடியாமல் அவன் முகத்துக்கே திரும்பியது. அவர் முதுகு மெல்ல வளைந்து, நாற்காலியில் சாய்ந்தது.

“உன் அப்பன் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுடா.”