அழித்த பிறகும் குளம்

குளத்தை மண்போட்டு நிரப்பியது குமாரதாஸ்தான் என்று மெர்லின் டீச்சர் தன் வலைப்பூவில் எழுதியிருந்தாள். அதை அழிக்காவிட்டால் அவள் பள்ளிக்கூடம் போய்வர முடியாது என்று அவனே வீட்டுக்கு வந்து சொன்னான். அவன் கண்ணெதிரே அழித்தாள். அவன் தன் போனில் திறந்து பார்த்தான். பதிவு அப்படியே இருந்தது.

"டீச்சரே, வெளையாடாதீங்க."

"நீங்க பாக்கத்தானே அழிச்சேன்? வெல கொறஞ்ச சர்வர். முந்நூறு பேரு தளத்துக்கு ஒரே மெஷின். ஒவ்வொரு தடவையும் பக்கத்தப் புதுசா உண்டாக்க அதுக்குத் தெம்பு கெடையாது. ஒருக்கா உண்டாக்குனத நகலெடுத்து வச்சு, வாறவங்களுக்கெல்லாம் அதையே காட்டும்."

"எப்பம் போவும்?"

"அதுக்குத் தோணும்போ."

அந்த மந்தமான சர்வரை அவள் திட்டாத நாளில்லை. இன்று வேறு யாராவது திட்டியிருந்தால் சண்டைக்கே போயிருப்பாள்.

குமாரதாஸ் கட்டைவிரலால் திரையை மறுபடி இழுத்துவிட்டான். வட்டம் சுற்றியது. அவள் நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதிவில் அவள் போட்டிருந்த பழைய படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் வானம், பிறகு அக்கரைப் பனைகள், பிறகு அவன் உள்ளங்கையில் கரைமுட்டத் தண்ணீர்.