செல்லத்தாயின் குழி

செல்லத்தாய் பெருக்கும் கடற்கரையில் யாரையும் சொறிமீன் என்கிற ஜெல்லி மீன் கொட்டியதில்லை. பதினோரு வருஷமாக அதுதான் அவளுடைய பெருமை. கரையொதுங்கியவற்றை விடியுமுன்னே வாரி, மேட்டில் குழிதோண்டி மூடிவிடுவாள்.

அன்று காய்ச்சலால் எட்டு மணிக்குத்தான் போக முடிந்தது. அவள் பெருக்கும் பகுதிக்கு எல்லையான ஓடைக்கு அந்தப் பக்கம் சொறிமீன் கொட்டிய நாலு பேரை ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இவள் பக்கம் பிள்ளைகள் அலையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் கிருஷ்ணமணி அவளை மேட்டுக்குக் கூட்டிப்போனார். மூடிய குழிக்கு முன்னால், காய்ந்த மணலில், சொறிமீன்கள் ஒற்றை வரிசையாகக் கிடந்தன.

“நீ இப்பதானே வாற. ஆரு இப்படி அடுக்குனா?”

“ஆரும் அடுக்கல்ல அண்ணே. எங்க வரணும்னு இதுவளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் பழக்கியிருக்கேம்லா.”

செல்லத்தாய் நிமிர்ந்து நின்று மண்வெட்டியை ஓங்கினாள். முதல் வெட்டு விழுந்ததும் வரிசை ஒரு சாண் முன்னால் நகர்ந்தது.