அங்கன்வாடியில் ஒரு பரிசோதனை

திருமங்கலத்துக்கு மேற்கே, பஸ் போகாத ஊரின் அங்கன்வாடியில் காலை வெயில் ஓட்டு இடுக்கு வழியே தரையில் விழுந்து கிடக்கிறது. டாக்டர் சுஃபியா, இந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்தேயிராத பனிமனிதன் படம் போட்ட பரிசோதனை அட்டையைப் பைக்குள் திணித்துவிட்டு, புளியங்கொட்டையையும் சோளத்தையும் கலந்து பரப்புகிறார். பள்ளியில் பாடம் ஏறவில்லை என்று பரிசோதனைக்கு அழைத்து வரப்பட்ட ஏழு வயது தர்ஷினி நாக்கைக் கடித்தபடி இரண்டையும் பிரிக்கிறாள். பாதியில் என்ன செய்கிறோம் என்பது மறந்துபோய் நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் அம்மா இருளாயி தலையைக் குனிந்துகொள்கிறாள். சுஃபியா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, இருளாயி பக்கத்தில் தரையிலேயே உட்கார்கிறார்.

“அக்கா, இவ வயித்துல இருந்தப்ப அலுப்புக்கு எதுவும் குடிச்சீங்களா?”

வெளியே ஆடு கத்துகிறது. இருளாயி சேலை நுனியை முறுக்குகிறாள். “செங்கச் சூளையில எல்லாரும் பிராந்தி குடிப்போம், டாக்டரம்மா. அம்புட்டு இடுப்பு வலி. பிள்ளைக்கு ஆகாதுன்னு ஒருத்தரும் சொல்லலையே.”

“யாரும் சொல்லாதது உங்க குத்தமில்லக்கா. அந்தப் பிராந்தியாலதான் இவளுக்குப் பாடம் நிக்காம இருக்கலாம்; இன்னும் ரெண்டு டெஸ்ட் பாத்துட்டுச் சொல்றேன். ஆனா இவ சோம்பேறி இல்ல. பொறுமையாச் சொன்னா கத்துக்குவா.”

இருளாயி மகளின் முதுகைத் தடவுகிறாள். “மறந்துட்டு நின்னான்னு எம்புட்டு அடிச்சிருக்கேன்,” என்கிறாள். பிறகு சுஃபியாவின் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொள்கிறாள்.

“நல்லவேள வந்தீங்க தாயி. இனிமே இவ மேல கை வைக்க மாட்டேன்.”