பாகீரதிக்கு முதுகுவலி

"பாத்து, பாத்து! மெல்ல ஏறு. அவசரம் ஒண்ணும் இல்லே" என்று மஹாதேவன் மனைவியின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். பாகீரதி "அம்மாடி!" என்று முனகிக்கொண்டே மோட்டாரின் பின் இருக்கையில் சாய்ந்தாள்.

சீமைக்குக் கப்பலேறிப் போகிற துரைமார்கள் விற்றுவிட்டுப் போன மோட்டார்கள், காளிகாட்டில் கோஷ் பாபுவின் கொட்டகையில் வரிசையாக நின்றன. காலையிலிருந்து இது மூன்றாவது வண்டி.

மஹாதேவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாவைத் திறந்து, ஒரு டம்ளரில் விளிம்பு வரை காபியை ஊற்றி, அவளுக்குப் பக்கத்தில் இருக்கையின் மேல் வைத்தான். கோஷ் பாபுவின் டிரைவர் முன்னால் போய், வண்டியைக் கிளப்ப ஹாண்டிலைச் சுழற்றினான். முதல் இரண்டு வண்டிகளும் தெருமுனை திரும்புவதற்குள் காபியில் குளித்துவிட்டன. இப்படி ஒரு கிராக்கியைக் கோஷ் பாபு தன் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

இந்த வண்டி டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டியது. காபி லேசாக நடுங்கியதோடு சரி. திரும்பி வந்து நின்றதும் மஹாதேவன் சின்னக் குழந்தை மாதிரி கையைத் தட்டினான்.

"ஒரு சொட்டு சிந்தலே பாரேன்! உன் முதுகுக்குன்னே பண்ணி வெச்ச ஸ்பிரிங்கு! எப்படி இருக்கு, சொல்லு."

"நன்னாத்தான் இருக்கு" என்றாள் பாகீரதி.

நன்றாக இல்லாமல் என்ன செய்யும்? அவள் முதுகு தேக்குக் கட்டை! அதில் ஒரு நாளும் ஒரு கோளாறும் இருந்ததில்லை.

எல்லாம் போன வைகாசியில் சொன்ன ஒரு பொய். ஊரில் மஹாதேவனின் அண்ணா பெண்ணுக்குக் கல்யாணம். ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிடச் சொல்லி ஓர்ப்படி நாகலக்ஷ்மி எழுதியிருந்தாள். போனால் அடுக்களையில் அவளுக்கு எடுபிடியாகத்தான் நிற்க வேண்டும். "ரயில்ல அத்தனை தூரம் உட்கார முடியாதுன்னா, முதுகு விண்விண்ணுன்னு தெறிக்கறது" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள், அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்து, அந்தப் பெண் இப்போது பிள்ளைத்தாச்சியாகவும் இருக்கிறாள். முதுகுவலியை இறக்கி வைக்கத்தான் பாகீரதிக்கு வழி தெரியவில்லை. திடீரென்று சரியாகிவிட்டது என்றால் நாகலக்ஷ்மி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாளே!

மஹாதேவனோ கவிராஜர் என்கிற வங்காளி வைத்தியரைத் தேடிப்போய்த் தைலம் வாங்கி வந்தான். அவள் விரலால் தொடாமலே பாட்டில் பாட்டிலாகத் தைலம் காலியாயிற்று. வேலைக்காரியின் கைவரிசைதான் என்று நினைத்தாள், ஆனால் திருடியைக் கேட்கத் திருடிக்கு என்ன யோக்யதை என்று வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது மோட்டார்! பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். இவள் வாய்க்குப் பார்த்தால் மோட்டாரே கிடைக்கிறது.

அதுவும் என்ன பணத்தில்? கார்டன் ரீச் துறைமுகச் சரக்குக் கிடங்கில் நாளெல்லாம் நின்றபடியே மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம் அவனுக்கு. கூட வேலை பார்த்த திருவேங்கடம் இடுப்புப் பிடிப்பு என்று வாய் தவறிச் சொன்னதற்கு, இனி லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி நின்று நின்று சம்பாதித்து ஊரில் வாங்கிய நிலத்தைத்தான் இந்த வண்டிக்காக விற்றிருக்கிறான்.

நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற காளியை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் போய் வெகு நாளாகிவிட்டது. இன்று புருஷன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

மஹாதேவன் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். கோஷ் பாபு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ரசீது எடுத்துவர உள்ளே போனார்.

"ஏன்னா, வேண்டாம்! பணத்தைக் குடுக்காதேங்கோ!"

"ஏண்டி, வர்ணம் பிடிக்கலையா?"

"எனக்கு வண்டியே வேண்டாம். நான் மகா பாவி!" பாகீரதி ஒரே குதியாகக் கீழே குதித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எனக்கு முதுகுவலியும் இல்லே, மண்ணாங்கட்டியும் இல்லே. மன்னி வீட்டுக்குப் போகப் பயந்துண்டு பொய் சொன்னேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியலே. நிலத்தை வேற வித்துட்டேளே! என்னை ரெண்டு அறை அறையுங்கோ, வாங்கிக்கறேன்."

மஹாதேவனுக்குக் கோபமே வரவில்லை. ஆச்சரியமும் வரவில்லை. திருட்டில் அகப்பட்டவன் மாதிரி அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ எதுக்குடி அழறே? உனக்கு வலி இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும். அரிசி மூட்டையை ஒரு கையால நகர்த்தறவளுக்கு முதுகுவலியா?"

பாகீரதிக்கு அழுகை நின்றுவிட்டது. "தெரிஞ்சுமா தைலம் வாங்கினேள்? தெரிஞ்சுமா நிலத்தை வித்தேள்?"

மஹாதேவன் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ஆபீஸ் ஆட்கள் யாரும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெதுவாக இருக்கையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"வலி எனக்குடி."