இல்லை என்பதற்கு அம்புக்குறி

கணவர் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டதால் நான்காவது முறையும் திரை அதே கேள்விக்கே திரும்பி வந்தது. சேவை மையத்துப் பெண் சலித்துக்கொண்டாள். "விடமாட்டேங்குதுக்கா. எந்தப் புண்ணியவான் எழுதுனானோ, புருஷன் இல்லாதவளுக்கு வழியே வைக்கல."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்த விண்ணப்பத்தின் கணினி நிரலை எழுதியவளே எதிரே உட்கார்ந்திருந்த செண்பகவல்லிதான். பெயர் இருந்தால் அடுத்த கேள்வி. இல்லையென்றால் மறுபடியும் இதே கேள்வி. சோதித்துப் பார்த்தபோதெல்லாம், கல்யாணமான புதிதின் பூரிப்பில், ஒரே பெயரைத்தான் அடித்தாள். ஒருமுறைகூடக் காலியாக விட்டுப் பார்க்கவில்லை.

"ஏதாவது ஒரு பேரு சொல்லுங்கக்கா, போட்டுடறேன்."

விவாகரத்துத் தீர்ப்பைப் பையிலிருந்து எடுக்காமலே, "குணசேகரன்" என்றாள்.

அன்று போலவே திரை உடனே வழிவிட்டது.